கூறையின் சிவப்பு ஓரம்

சோற்றை ஆற்றில் கரைக்கிற வேலை என்றுதான் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், அதற்குப் பெயர். பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். பச்சரிசி மாவையும் தவிட்டையும் பிசைந்து, அவித்து, களியாக்கித் துணியில் தடவ வேண்டும். அது காய்ந்ததும் மேலே சாயம் பூச வேண்டும். கடைசியில் அந்தக் களியை எல்லாம் தண்ணீரில் கழுவி விட வேண்டும் என்று முதல் நாள் வகுப்பு முடிந்து வந்து நான் விளக்கியபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்ப சோத்த ஆத்துல கரைக்கச் சொல்லிக் குடுக்கத்தான் ஜப்பான்லேருந்து ஆளு வந்திருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ரோஷத்தில் ஏதோ பதில் சொன்னேன். ஆனால் கழுவுகிற நாளில் வெள்ளை வெள்ளையாகக் களி கரைந்து ஓடையில் போவதைப் பார்த்தபோது அவர் சொன்னதுதான் நெஞ்சில் வந்து நின்றது. அதிலிருந்து ஒவ்வொரு முறை கழுவும்போதும் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் துணியைத் தண்ணீரில் விடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இலங்கையில் தெஹியோவிட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். விடியுமுன் பால் வெட்டப் போனால் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். பின்னேரங்களில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை முன்பு விட்டுவைத்த பழைய பிள்ளைக்காம்பராவில் பெண்களுக்குத் தொழில் பழக்குகிறோம் என்று சொல்லி ஒரு ஜப்பான் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். மிஸ் என்று கூப்பிட்டோம். என்னைவிட வயதில் சின்னவள். சிங்களம் படித்துக்கொண்டு வந்திருந்தாள். தமிழ் ஒரு சொல் தெரியாது. நான் சிங்களப் பிள்ளைகளோடு ஆடி வளர்ந்தவள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் அவள் சொல்வதை மற்றப் பெண்களுக்குத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சும்மா சொல்கிறேன், நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில், பாடம் நடத்துவது அவளா நானா என்கிற மாதிரி ஆகிவிட்டேன். "மிஸ் சொல்றாங்க" என்று தொடங்கி அவள் சொல்லாததையும் இரண்டு சேர்த்துச் சொல்வேன்.

வேலை இதுதான். கெட்டித் தாளில் பூவோ இலையோ வெட்டி எடுப்பது. அந்தத் தாளைத் துணிமேல் வைத்து, வெட்டிய ஓட்டைகளில் களியைத் தட்டைக் கரண்டியால் இழுத்து விடுவது. தாளைத் தூக்கினால் களி பூவாகத் துணியில் நிற்கும். களி நின்ற இடத்தில் சாயம் ஏறாது. கழுவினால் நீலத் துணியில் வெள்ளைப் பூ. கேட்கச் சுலபம்தான். மிஸ் ஒரு நாளைக்கு எத்தனை தரம் "ஹெமின், ஹெமின்" என்பாள் என்று கணக்கே இல்லை. மெதுவாக, மெதுவாக. எங்களுக்கு அது புதுப் பாடம். மெதுவாகச் செய் என்று தோட்டத்தில் எவரும் சொன்னதில்லை.

தாளைக் கெட்டியாக்குவதற்கு அவர்கள் ஊரில் ஒரு காயின் சாற்றைப் பூசி, பிறகு புகையில் தொங்கவிடுவார்களாம். கொண்டு வந்த தாள் தீர்ந்தபோது என்ன செய்வது என்று அவள் கையைப் பிசைந்தாள். ஓடைக்கரையில் நின்ற பனிச்சை மரத்தின் காய் ஒன்றை எங்களில் ஒருத்தி கொண்டு வந்து காட்டினாள். அதைச் சிங்களத்தில் திம்பிரி என்பார்கள். மீன் பிடிக்கிறவர்கள் வலைக்குச் சாறு ஏற்றுவது அதில்தான். மிஸ் காயை வெட்டி நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், பிறகு சிரித்தாள். அவர்கள் ஊர்க் காய்க்கு இது ஒன்றுவிட்ட சொந்தமாம். புகைக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் அறையில்தான் வேலை. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். ஷீட்டுகளுக்கு நடுவில் எங்கள் தாள்களையும் கம்பியில் மாட்டினார். ஒரு வாரம் கழித்துத் தேயிலைச் சாயம் மாதிரி பழுத்து, ரப்பர் நாற்றத்தோடு வீடு வந்து சேர்ந்தன. "இந்தா, ஒன் ஜப்பான் அப்பளம்" என்றார்.

வெட்டுவது எனக்கு நன்றாக வந்தது. பால் வெட்டுகிற கை. பட்டையில் இவ்வளவுதான் போகலாம், அதற்குமேல் போனால் மரத்துக்குக் காயம் என்று கைக்கே தெரியும். சின்னக் கத்தியைப் பிடித்தபோது அந்தப் பழக்கம் கூட வந்தது. முதலில் ரப்பர் இலையை வெட்டினேன், ஒரு காம்பில் மூன்று இலை. நீலத்தில் முக்கிக் கழுவி மூங்கில் குச்சிகளில் இழுத்து மாட்டியதும் மிஸ் வெகு நேரம் அதன் முன்னால் நின்றாள். "ஹரி லஸ்ஸனாய்" என்றாள். ரொம்ப அழகு என்று அதை மற்றப் பெண்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தான். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். ஒரு தரம் சொன்னால் போதும், இரண்டு தரம் சொன்னேன்.

நான் அங்கே பூ வெட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வீட்டில் என் பிள்ளையைப் பார்த்தது, விறகு கொண்டு வந்தது, ராத்திரிச் சோறாக்கியது என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு முதலில் பேசிய இடம் பரிசம் போட்ட வாரமே தட்டிப்போனது. மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதருக்கு வெகு நாளாக இருந்த நோய். ஆனாலும் பழி இவள்மேல் வந்தது. ராசியில்லாத பெண் என்று பேரெடுத்தாள். நல்லது கெட்டதற்குக் கூப்பிட்டாலும் முன்னால் நிற்க மாட்டாள், அடுப்படியோடு நின்றுவிடுவாள். இரண்டாவதாக ஓர் இடம் வர வருடக்கணக்கானது. பெல்மதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நல்ல பையன். இதுவும் தட்டிப்போனால் அவளுக்கு இனிமேல் யாரும் வரப்போவதில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா கறாரான ஆள். பரிசத்துக்கு வந்தபோது தாம்பாளத்தில் ஒரு வெள்ளைச் சேலை வைத்துக் கொடுத்தார். "எங்க கொலசாமி காலடியில வச்சு எடுத்த சேலைங்க. மஞ்சத்தண்ணில நனைச்சு நெழல்ல காயப் போட்டு வைங்க. எங்க வீட்டு மருமகளுங்க அதக் கட்டிக்கிட்டுத்தான் தாலி வாங்குவாங்க. வேற சேல கூடாது" என்றார். போகும்போது நாத்தனாரின் தாடையைத் தொட்டு, "நீ மூத்த மருமவ. இனிமே எங்க வீட்டுல எந்த விசேசம்னாலும் ஆலாத்தித் தட்டு ஒன் கையிலதான்" என்றும் சொன்னார். நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்படிக்கு ஓடியவளுக்கு முன்வாசலில் ஒரு இடம் கிடைத்த மாதிரி.

அவர்கள் அந்தச் சேலையில் குலசாமியைப் பார்த்தார்கள். நாத்தனார் தன் வாழ்க்கையைப் பார்த்தாள். நான் என்ன பார்த்தேன் தெரியுமா? கறையில்லாத, நெருக்கமான நெசவுள்ள, அகலமான நல்ல பருத்தித் துணியைப் பார்த்தேன். வகுப்பில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் மாவுப் பையும் கிழிந்த படுக்கைத் துணியும்தான். இப்படி ஒரு துணி கைக்கு வந்ததில்லை. மிஸ்ஸுக்கும் ஊர் திரும்பும் நாள் நெருங்கியிருந்தது. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் வரும்போது மணப்பெண்ணின் முந்தானையில் என் பூ இருக்க வேண்டும். அந்த ஆசை வந்ததும் தூக்கம் போயிற்று.

"அண்ணி, அவங்க நனைக்கத்தானே சொன்னாங்க?" என்று நாத்தனார் கேட்டாள்.

"நனைக்கிறதும் மஞ்சள்தான், பூசுறதும் மஞ்சள்தான். ஓரத்துலயும் முந்தியிலயும் மட்டும் பூ வெள்ளையா நிக்கும். யார் வீட்டுக் கூறையிலயும் அப்படி இருக்காது, பாரேன்."

சேலையின் மடிப்பைத் தடவினாள். "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நந்தியாவட்டைப் பூ வெட்டினேன். ஐந்து இதழும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், காற்றாடி போல. மிஸ்ஸிடம் சொல்லவில்லை, வந்து பார்க்கும்போது அசந்து போகட்டும் என்று. களியை வீட்டிலேயே கிண்டினேன்: அரிசி மா, தவிடு, உப்பு, கடைசியில் கொஞ்சம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு சேர்த்தால்தான் களி இறுகிப் பிடிக்கும். வகுப்புக்கு வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கிக் கொடுப்பவளே நான்தான். சாயம் பிடிப்பதற்காகத் துணிக்குச் சோயாப் பால் பூசி, பூ வைத்து, லயத்துக்குப் பின்னால் குச்சியில் இழுத்துக் கட்டிக் காயவைத்தேன். அன்றைக்கு அதிசயமாக மழை இல்லை. மறுநாள் மஞ்சளை அரைத்துக் காய்ச்சி வடிகட்டித் தூரிகையில் எடுத்துப் பூசத் தொடங்கினேன்.

களியின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. வெயில் சாய்ந்து விழுகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால், அப்படி நினைக்க விரும்பினேன். கை நிற்கவில்லை. சேலை முழுக்க, முந்தானை வரை பூசி முடித்தேன். களியைக் கழுவும்போது எப்போதும் "கலன வத்துர" என்பாள் மிஸ். ஓடுகிற தண்ணீர். ஓடைக்குக் கொண்டு போனால் நாலு பேர் பார்ப்பார்கள், கல்யாணத்துக்கு முன்பே பூ பழசாகிவிடும் என்று சேலையை லயத்துச் சீமெந்துத் தொட்டியில் ஊறப்போட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து தூக்கினேன்.

ஒவ்வொரு பூவைச் சுற்றியும் சிவப்பு. ஓரத்தில் கோடாக நின்றது கீழே வழிந்து திட்டுத் திட்டாகப் பரவியிருந்தது. ஆலாத்தித் தண்ணீரை யாரோ சேலைமேல் ஊற்றியது போல இருந்தது. போல என்ன, அதேதான் அது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். மாப்பிள்ளை பெண் வந்தால், பிள்ளை பெற்றவள் வீடு திரும்பினால், தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவப்பாக்கித்தானே சுற்றி எடுக்கிறோம். பாவாடை கட்டின வயதிலிருந்து நான் கலக்கிய தண்ணீர். எங்கள் லயத்தில் எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கும் தெரியும். ஆனால் களிக்குள் போனதும் அது எனக்கு வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பாக இல்லை, ஜப்பான் பக்குவமாகிவிட்டது. மிஸ்ஸிடம் கேட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தேன். சிவப்பு போய் மஞ்சளானது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். காய்ந்ததும் நூலுக்குள்ளிருந்த சுண்ணாம்பு மறுபடி வேலையைக் காட்டியது, முன்னைவிட அசிங்கமாக. பூக்களை விட்டுவிட்டு, சிவந்த இடங்களில் மறுபடியும் மஞ்சள் பூசினேன். சிவப்பு இன்னும் அழுத்தமாக வந்தது. வேறு சேலை மாற்றவும் வழியில்லை, சாமி காலடியில் வைத்தது. என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். சோற்றைக் கரைப்பது, அப்பளம் என்று எதுவும் சொல்லவில்லை. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர், சிவந்த ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நாத்தனார் சேலையை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தாள். "காஞ்சா கொறைஞ்சிரும் அண்ணி" என்றாள். எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறாள்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில். கூறையைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டுக் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மாவிடம் வந்தது. கையில் எடுத்து விரித்தார்.

"என்னங்க இது, ரத்தமாட்டம்?"

மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியவள் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த நாத்தனார் வாய் திறந்தாள். "நான்தாங்க அத்தை, பூப் போட்டுத் தரச் சொன்னேன். எனக்கு ஆசையா இருந்துச்சு." மணப்பெண் இப்படி எல்லார் முன்னாலும் பேசியது கறையைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு. ஐயர் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். மாப்பிள்ளை, "பரவால்லம்மா, குடுங்க" என்றார். கட்டிக்கொண்டு வந்தாள். தாலி ஏறியது. கல்யாணம் நிற்கவில்லை.

மிஸ் கேமராவோடு ஓரமாக நின்றவள் முந்தானையைக் கண்டதும் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். "ஹரி லஸ்ஸனாய்" என்று தூரத்திலிருந்தே உதடசைத்தாள். அவளுக்கு என்ன தெரியும். வெள்ளைப் பூ, சுற்றிச் சிவப்பு ஓரம், வெளியே மஞ்சள். உள்ளதைச் சொல்வதானால் அழகாகத்தான் இருந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அது அழகாக இருக்கிறது என்று எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்ததே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுவீட்டுக்குப் போனபோது நான் மாப்பிள்ளையின் அம்மாவைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். பூப் போடச் சொல்லி நாத்தனார் கேட்கவில்லை, நான்தான் செய்தேன், சுண்ணாம்பு பட்டது, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை என்றேன். வெற்றிலையை மடித்தபடி முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. "செஞ்சது யாருன்னு நான் கேக்கலியே. கட்டிக்கிட்டது அவதானே" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதில் பிடித்துக்கொண்டு வாதாட ஒரு மூலைகூட இல்லை.

மிஸ் ஊருக்குப் போகும்போது தன் கத்தியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதோடு அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. பின்னேரங்களில் நாங்கள் சிலர் சேர்ந்து மேசை விரிப்பு, தலையணை உறை என்று செய்துகொண்டுதான் இருந்தோம். கத்தி கையில் ஏறினால் எனக்கு எதுவும் நினைவு வராது. கழுவப் போகும்போது எல்லாம் வந்துவிடும். மஞ்சளை மட்டும் பிறகு தொடவில்லை. யாராவது கேட்டால் வெயிலுக்கு நிற்காது என்று சொல்லிவிடுவேன்.

சில வருடங்கள் கழித்து மாப்பிள்ளையின் கடைசித் தம்பிக்குக் கல்யாணம். பெல்மதுளைக்குப் போயிருந்தேன். நாத்தனாருக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள். புருஷன் தங்கமானவர், கை நீட்டினதில்லை, குடியில்லை. மாமியார்கூட அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேட்டதில்லை. நல்லாத்தானே இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தேன். அவள் கீழே உட்கார்ந்து தட்டில் மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் வரும் நேரம்.

"ஆலாத்தி எடுக்கிறது நீதானா?" என்றேன். சந்தோஷமாகக் கேட்டேன்.

"இல்ல அண்ணி. சின்னவ எடுப்பா. எப்பவும் அவதான்." சின்னவள் என்பது அவளுக்கு அடுத்து வந்த மருமகள். "கலக்குறது மட்டும் நானு. என் பக்குவம் யாருக்கும் வராதுன்னு அத்தை சொல்லுவாங்க."

குரலில் குறை ஒன்றும் இல்லை. இன்றைக்கு மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். ஆட்காட்டி விரலில் சுண்ணாம்பைத் தொட்டுத் தண்ணீரில் விட்டாள். விரலைச் சுற்றி முதலில் ஒரு சிவப்புக் கோடு, பிறகு தட்டு முழுவதும்.

"அண்ணி, இந்தச் செவப்பு போதுமா பாருங்க. நீங்கதானே சாயம் படிச்சவங்க."

அவளுக்கு அதில் எந்த உள்குத்தும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். குனிந்து பார்த்தேன். "போதும்" என்றேன்.

சின்னவள் பட்டுச் சேலை சரசரக்க வந்து தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெளியே மேளம் கேட்டது. நாத்தனார் கையைக் கழுவிக்கொண்டு திருவலையை இழுத்துப் போட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.